எலும்பூற்று

சுக்கான்வலசில் எலும்புகள் தண்ணீர் விடத் தொடங்கிய மதியத்தை ஊரார் பிற்காலத்தில் பலவிதமாகச் சொன்னார்கள். ஆனால் முதலில் கண்டவள் பாவாயிதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், தன் கணவன் சென்னியப்பன் கடித்து வைத்த கோழித் தொடையெலும்பின் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுவதைப் பார்த்தாள். அதன்பின் இன்னொரு துளி திரள்வதையும் பார்த்தாள். குழம்புதான் வடிகிறது என்று எண்ணி, எலும்பை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போனாள். திரும்பி வந்தபோது கிண்ணம் நிறைந்து வழிந்து, தரையில் ஒரு மெல்லிய ஓடையாகி, நிலைப்படியைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்த நாய் எழுந்து வந்து அதை முகர்ந்தது. பிறகு காதுகளை மடித்துக்கொண்டு பின்வாங்கி, வெயிலிலேயே போய்ப் படுத்தது.

பாவாயி அலறவில்லை. தண்ணீர் வந்தால் பாத்திரம் வைக்க வேண்டும் என்பதற்கு மேல் எதையும் யோசிக்க விடாத வருடம் அது. குடத்தின் வாய்க்கு ஒரு வெள்ளைத் துணியை வேடு கட்டி, அதன்மேல் அந்த எலும்பைக் கிடத்தினாள். விடிந்தபோது குடம் நிறைந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டாற்போல் வெதுவெதுவென்றிருந்தது.

மழை அந்த வட்டாரத்துக்கு வரும் வழியை மறந்து சில ஆடிகள் ஆகியிருந்தன. கிணறுகளில் பாறை தெரிந்தது. பாறையில் பல்லி ஓடியது. பல்லியும் ஒருநாள் ஓடுவதை விட்டது. ஊருக்கு எப்போதாவது தண்ணீர் லாரி வரும். வரும் நாளில் உறவு என்பதே கிடையாது. ஆனால் ஊருக்குக் கிழக்கே, முன்பு கிளுவை வேலிக்குள் ஆடுமாடுகள் மேய்ந்த கொறங்காட்டுப் புல்வெளிகளைப் பிடுங்கிவிட்டு நீள நீளமாகத் தகரக் கூரை போட்ட கறிக்கோழிப் பண்ணைகளில் மட்டும் தண்ணீர் ஒருபொழுதும் தவறவில்லை. பூமியின் அடிவயிறு வரை துளைத்து இறக்கிய குழாய்களிலிருந்து அங்கே மோட்டார்கள் இரவும் பகலும் இழுத்தன, கோழிகள் குடித்தன, கூரை காய்ந்தால் கூரைக்கும் தெளித்தார்கள். அவற்றில் ஒரு பண்ணை சென்னியப்பனுடையது. அங்கிருந்து ஒரு குடம் வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்று யாரும் கேட்டதில்லை, பாவாயியும் கேட்டதில்லை. ஏனென்றால் கோழி செத்தால் நட்டம், மனிதன் எப்படியும் லாரித் தண்ணீரில் பிழைத்துக்கொள்வான் என்று சென்னியப்பன் ஒருமுறை சொன்னான், அவன் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை, எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான், எல்லாரும் சொல்வதால் அது வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போல் ஒலித்தது.

ஆகவே எலும்பு தண்ணீர் விட்டபோது ஊர் அதை வரமென்றே எடுத்துக்கொண்டது.

பாவாயியின் வீட்டில் நடந்தது அடுத்த வீட்டிலும் நடந்தது. அடுத்த வீட்டில் நடந்தது அடுத்த தெருவிலும் நடந்தது. பண்ணை வைத்திருந்த ஊராட்சித் தலைவர் திருமூர்த்தி நாலு பேரைக் கூட்டி வைத்து யோசித்தார். கூட்டத்தில் ஒருவர், மேலிடத்துக்கு எழுதிப்போட்டு ஆராயச் சொல்லலாமா என்று கேட்டார்.

"ஆராய்ச்சியெல்லாம் அப்பறம் பண்ணிக்கலாமுங்க," என்றார் திருமூர்த்தி. "மேல சொன்னா அவுங்க வந்து எலும்பைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. மொதல்ல அவங்கவங்க ஊட்டுல குடத்தை வைங்க."

குடங்களை வைத்தார்கள். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பதில் மனிதர் காட்டும் சுறுசுறுப்பு எல்லா ஊரிலும் உண்டு. சுக்கான்வலசில் அது கொஞ்சம் கூடுதல். கோழித்தொடை ஒரு பொழுதுக்கு ஊறும், ஆட்டு நல்லி இரண்டு பொழுதுக்கு ஊறும், நெஞ்செலும்பின் நீர் பருப்பு வேக உகந்தது என்றெல்லாம் பெண்கள் வெகு விரைவில் கண்டுகொண்டார்கள். கத்தியால் கறியை வழித்தெடுத்த எலும்பு ஊறாது என்பதையும், நாய் கவ்விய எலும்பு ஊறாது என்பதையும், மனித வாய் கடித்துச் சுத்தமாகத் தின்ற எலும்பே ஊறும் என்பதையும் கண்டுகொண்டார்கள். கடமைக்குத் தின்றால் சொட்டும், ஆசையோடு தின்றால் ஒழுகும். முன்பெல்லாம் நோம்பித் திருவிழாவுக்கும் ஒறம்பறையாக உறவினர் வந்தாலும் கறி எடுத்த ஊர், பிறகு பண்ணைகள் வந்து கறி மலிந்தபின் ஞாயிறு தவறாமல் எடுத்த ஊர், இப்போது மூன்று வேளையும் எடுத்தது. உலை வைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு எலும்பு வேண்டும், எலும்புக்குக் கறி தின்ன வேண்டும், தின்றால் தாகம் எடுக்கும், தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். இப்படி அந்தச் செக்கு நிற்காமல் சுற்றியது.

கடைவீதியில் கறிக்கடை வைத்திருந்த சிக்கந்தர் ராவுத்தர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தலையில எழுதியிருக்குது பாருங்க! இத்தனை வருசமா, 'பாய், எலும்பைக் கம்மியாப் போடுங்க'ன்னு எங்கிட்டச் சண்டை போட்டீங்க. இப்ப, 'பாய், கறியைக் கம்மியாப் போடுங்க'ன்னு சண்டை போடறீங்க. நானு எந்தச் சண்டையிலதான் செயிக்கறது?"

"பேசாம ஒரு நல்லியாப் போடுங்க பாய், ஊட்டுல துணி தொவைக்கோணும்," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அது வேடிக்கைப் பேச்சன்று என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

அந்தத் தண்ணீர் மண்பானையில் ஊற்றி வைத்தாலும் குளிரவில்லை. ஆடுமாடுகள் அதற்கு வாய் வைக்கவில்லை. தொட்டியில் ஊற்றினால் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன, பாவாயி தன் எருமைக்கு மட்டும் லாரித் தண்ணீரைக் காப்பாற்றி வைத்தாள். எல்லா வீட்டிலும் எந்நேரமும் சொட்டும் ஓசை கேட்டது. சுவரோரம் நின்று அந்த ஓசையைக் கேட்டே எந்த வீட்டில் எவ்வளவு தின்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளறையின் சொட்டுக்குக் காது கொடுத்தார்கள். எலும்பைக் காதில் வைத்தால் உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதன்பின் எலும்பைக் காதில் வைக்கக் கூடாது என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான். மனிதன் எதற்கும் பழகுவான். பழகியதை வழக்கம் என்பான். வழக்கம் என்று சொல்லிவிட்டால் அதன்பின் அதைப் பார்க்கவே மாட்டான்.

எல்லா வாய்களிலும் சென்னியப்பனின் வாயே வாய் என்று ஊர் கண்டுகொண்டதிலிருந்துதான் பாவாயிக்குப் பயம் தொடங்கியது.

அவன் நல்ல சாப்பாட்டுக்காரன். கிடா விருந்துகளில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவே ஆட்கள் ஆசைப்படுவார்கள். அவன் ரசித்துத் தின்பதைப் பார்த்தாலே பசி எடுக்கும். அந்த வருடம் தைமாதத்தில்தான் கால் பெருவிரல் தக்காளிபோல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடித்து, தாராபுரத்து டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் களைத்திருக்கிறது, கொழுப்பும் சேர்ந்திருக்கிறது என்றார்.

"கறியே ஆகாதுங்களா?" என்று அவன் ஒரு குழந்தையைப் போலக் கேட்டான்.

"ஆகாதுன்னு நான் சொல்லலைங்க. நீங்க திங்கறது ஆகாது. மாசத்துல ஒருநாள், ஒரு துண்டு. மத்த நாளெல்லாம் பயறு, கீரை, ராகி. அப்படி இருந்தீங்கன்னா உங்க சிறுநீரகம் உங்களோடவே கடைசி வரைக்கும் வரும்."

அவன் அப்படியே இருக்கத் தொடங்கி, விரலின் வீக்கம் வடிந்து, பச்சைப்பயற்றுக் கடைசலுக்கும் கம்மஞ்சோற்றுக்கும் நாக்கைப் பழக்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு மட்டும் என்று கணக்கைச் சற்றே தளர்த்தியிருந்த வேளையில்தான் எலும்பு ஊறியது. அவன் கடித்த எலும்பு மற்றவர் எலும்பைப்போல் சொட்டவில்லை. குழாயைத் திறந்துவிட்டாற்போல் விழுந்தது.

முதலில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். தூக்குப்போசியில் கறிக்குழம்பு கொண்டுவந்து வைத்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, ஒரே ஒரு துண்டு. ஊட்டுல பச்சைக் கொழந்தை இருக்குது," என்றார்கள். அவன் தின்று எலும்பைத் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு மேலத்தெருவிலிருந்து வந்தார்கள். பிறகு கறி வாங்கவே வழியில்லாதவர்கள் வெறும் குடத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக அவன் தன் வீட்டுக் கறியைத் தின்றான். அந்த நாட்டில் இலைக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்வது சமைத்தவரை அவமதிப்பது. பரிமாறுகிறவர், "இன்னொண்ணு வெச்சுக்குங்க," என்பார். உண்பவர் கையை இலைமேல் மறைத்து, "போதுமுங்க," என்பார். பரிமாறுகிறவர் அந்த விரல்களின் இடுக்கிலேயே வைத்துவிட்டுப் போவார். தலைமுறை தலைமுறையாக அன்பைக் காட்டுவதற்கு அவர்கள் கண்டுவைத்திருந்த வழி அது. அந்த அன்புதான் இப்போது சென்னியப்பனைத் தின்னத் தொடங்கியது.

விரல் மீண்டும் வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். அவன் உதடுகள் வெடித்தன. தோல், கோடைக் குளத்தின் அடிமண்போல் பாளம் பாளமாகியது. குடம் குடமாகக் குடித்தான், தாகம் அடங்கவில்லை; குடித்தது எதுவும் உடம்பிலிருந்து வெளியேறவும் இல்லை. டாக்டரம்மா சோதனை முடிவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவர் குடிக்கற தண்ணி எங்கதானுங்க போகுது?" என்றார் பாவாயியிடம். "சாப்பாட்டை இன்னியோட நிறுத்தலைன்னா அடுத்த தடவை இவரை நீங்க கூட்டிக்கிட்டு வர முடியாது, தூக்கிக்கிட்டுத்தான் வரணும்."

பாவாயி வீட்டுக்கு வந்ததும் வாசலில் காத்திருந்த போசிகளைத் திருப்பி அனுப்பினாள். சென்னியப்பனின் அக்கா நாச்சம்மாள் மறுநாளே வந்துவிட்டாள்.

"ஏனாயா, தண்ணி கேட்டு வந்தவங்களத் தொரத்துனயாமா?"

"அவுங்க தண்ணி கேட்டு வரலைங்க நங்கையா. உங்க தம்பியோட உசுரக் கேட்டு வாறாங்க."

"ஊருக்கே தண்ணி ஊத்தறான் என்ற தம்பி. எத்தன சென்மத்துப் புண்ணியம் தெரியுமா? நீ போயி நடுவால கல்லைப் போடறே. நானு என்ற கையால வறுத்துக் கொண்டாந்திருக்கறேன். அக்கா கொண்டாந்ததை அவன் வேண்டாம்பானா, கேட்டுப் பாரு."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே தின்றான். பாவாயி நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவன் கண்ணோரம் நனையவில்லை. நனைய அவனிடம் எதுவும் இல்லை. நாச்சம்மாள் எலும்புகளைப் பொறுக்கிப் போசியில் போட்டு, முந்தானையால் மூடி, வாசலைத் தாண்டும்போது ஒன்று மட்டும் நழுவி விழுந்து, விழுந்த இடத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பாவாயி அதை எடுத்தாள். இத்தனை நாளும் அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்திருந்தாளே தவிர, சொந்த வாயில் ஊற்றிக்கொண்டதில்லை. ஏனென்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது எலும்பின் அடியில் உள்ளங்கையை ஏந்திக் குடித்தாள்.

முதலில் சுண்ணாம்பின் மெல்லிய துவர்ப்பு, பிறகு நாக்கின் பின்புறத்தில் மெதுவாக எழும் இனிப்பு. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குடித்த தண்ணீர் அது. அவர்களுடைய சொந்தக் கிணற்றுத் தண்ணீர், சுக்கான் பாறையில் ஊறிய, வேறெந்த ஊரிலும் அந்த ருசி இல்லாத தண்ணீர். அதற்கும் அடியில், மிகவும் அடியில், ஒரு கரிப்பு இருந்தது. அது எதன் கரிப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. உழைத்து வரும் கணவனின் தோளில் முகம் புதைத்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

அவள் கிணற்று மேட்டுக்குப் போனாள். உச்சிவெயில் பாறை வரை விழுந்தது. கீழே ஒன்றுமில்லை. கிழக்கே பண்ணைகளின் மோட்டார்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு உறுமின. கிணற்றின் வறண்ட சுவரில் கையை வைத்தபோது அந்த உறுமல் கல்லுக்குள் நடுங்கியது, ஏதோ ஒன்று கல்லுக்கு அப்பாலிருந்து உறிஞ்சுவதைப்போல.

கேட்பவர்களே, அவள் படித்தவள் அல்லள். ஆனால் ஒரு குடம் தண்ணீர் போன வழியை அன்று அவள் முழுதும் நடந்து பார்த்தாள். கிணற்றில் இருந்தது குழாய்க்குப் போயிற்று. குழாயிலிருந்து கோழிக்கும், கோழி தின்னும் மக்காச்சோளத்துக்கும், கூரையின் சூட்டுக்கும், கொட்டகையின் கழுவலுக்கும் போயிற்று. வழி நெடுக வாரி இறைத்தபின் எஞ்சிய கையளவு, கறியாகி மனிதன் வாய்க்குப் போயிற்று. அவன் உடம்பின் உப்பையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு எலும்பு வழியாகச் சொட்டிற்று. அதைக் கொண்டுபோய்ச் சாமி கொடுத்தது என்று ஊர் வேடு கட்டி ஏந்திற்று. கிணற்றையே இறைத்துக் கொடுத்துவிட்டு, அதைச் சொட்டுச் சொட்டாகத் திரும்பப் பெற்று, அதற்காக ஒரு மனிதனை உலர வைத்தார்கள். கறி தின்பது பாவம் என்று சொல்ல இந்தக் கதை வரவில்லை. அவள் வீட்டு அடுப்பிலும் கறி வெந்ததுதான், இனியும் வேகும். அளவு என்று ஒன்று உண்டு. அந்த அளவைத் தாண்டினால், தின்பவன் உடம்பும் அவன் நிற்கும் மண்ணும் ஒரே நேரத்தில் வறளும். இரண்டையும் வெவ்வேறு நோய் என்று எண்ணி வெவ்வேறு மருந்து தேடுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்து சொன்னாள். "மாமா, இது நம்ம கெணத்துத் தண்ணிங்க."

"தெரியும்," என்றான் அவன். குரல் சருகாகியிருந்தது. "மொத நாளே நாக்குல தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா இப்பிடித் தின்னீங்க?"

"வாசப்படியில கொடத்தோட உக்காந்திருக்கறவங்களப் பாத்து இல்லேன்னு எப்பிடி அம்மிணி சொல்றது? நீ சொல்லிப்போடுவயா?"

அந்த வாரமே வளர்ந்த கோழிகளை லாரி வந்து ஏற்றிப்போனது. புதுக் குஞ்சு இறக்க வந்த வண்டியை அவளே மறித்துத் திருப்பினாள். "பண்ணைக்காரரு சொல்லோணும்," என்றார் ஓட்டுநர். "பண்ணைக்காரரு படுத்திருக்கறாரு. நாந்தான் பண்ணைக்காரி, வண்டியைத் திருப்புங்க," என்றாள். தகரக் கொட்டகைகள் காலியாயின. அதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. மாரியம்மன் நோம்பி வந்துகொண்டிருந்தது.

நோம்பிக்கு ஊர் ஒரு பெரிய முடிவு எடுத்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கறி சமைத்து வருவது, சென்னியப்பனைத் தலைவாழை இலையின் முன் உட்கார வைப்பது, அவன் தின்னும் எலும்புகளைக் கொண்டு மேல்நிலைத் தொட்டியையே நிரப்பிவிடுவது. மஞ்சள் துண்டு வாங்கி வைத்திருந்தார்கள். காலையில் நாலு பேர் வந்து அவனை நாற்காலியோடு தூக்கிப்போய்க் கோயில் முன் பந்தலில் பந்தியின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அவன் இருபுறமும் ஊரே வரிசையாக அமர்ந்தது. தலைவர் திருமூர்த்தி துண்டைப் போர்த்தினார். நாச்சம்மாள் முதல் கரண்டியைப் பரிமாறினாள். அவனுடைய கை இலைவரை வந்து, எடுத்து, வாய்க்குப் போவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஊர் காத்திருந்தது. முதல் எலும்பு இலையில் விழுந்ததும் அதிலிருந்து நீர் பீறிட்டு, இலையின் நடுநரம்பு வழியாக ஓடி, பக்கத்து இலைகளை நனைத்தது. "ஓம் சக்தி!" என்றது பந்தல். அவன் தலை ஒருபக்கம் சாய்ந்தது.

"இன்னொண்ணு வெச்சுக்கோ சாமி," என்றாள் நாச்சம்மாள்.

பாவாயி அப்போதுதான் வந்தாள். அவள் சேலை நனைந்திருந்தது. எங்கிருந்து வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பந்தியின் முன்னால் குனிந்து, கணவனின் இலையில் பாதி உணவு இருக்க, அதை மூடினாள். அவனை நோக்கி மடிக்கவில்லை. அவனுக்கு அருகிலிருந்த பாதியை எடுத்து, எதிர்ப்புறமாக, வெளிப்பக்கமாக மடித்துப்போட்டாள்.

கல்யாணத்திலும் நோம்பியிலும் உண்டவர் இலையைத் தம்மை நோக்கி மடிப்பார். வெளிப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில் மட்டும். அதைச் சொல்லித்தர வேண்டிய ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை.

"அம்மிணி! நோம்பியன்னிக்கு என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க?" என்று திருமூர்த்தி எழுந்தார்.

"எழவூட்டுல திங்கறவங்க எலையை இப்பிடித்தானுங்க மூடுவாங்க," என்றாள் பாவாயி. குரலை உயர்த்தவில்லை. "இத்தன நாளா நீங்க அள்ளிட்டுப் போனது என்ற ஊட்டு எழவுத் தண்ணி. ஆளு இன்னும் சாகலைங்கறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு மின்னாடியே காரியத்தைப் பண்ணிப்போட்டேன். எந்திரிங்க எல்லாரும்."

நாச்சம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இலை அப்படி மடிந்துவிட்ட பந்தியில் இனி ஒரு வாய் உண்ண முடியாது. எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தார்கள். துக்கத்துச் சோற்றிலிருந்து எழுந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. குளிப்பதென்றாலோ வீட்டில் எலும்புத் தண்ணீர்தான் உண்டு. எலும்புத் தண்ணீரோ அந்தத் துக்கமேதான். ஆகவே ஊர் முழுவதும், ஒருவரையொருவர் தொடாமல், எச்சில் கையோடு, கோயில் முன் வெயிலில் நின்றது. குழந்தைகள்கூட அழவில்லை. வீடுகளுக்குள்ளிருந்து சொட்டும் ஓசை மட்டும் தெருவெல்லாம் கேட்டது.

"அங்க நின்னு என்னங்க பண்ணறது? வாங்க," என்றாள் பாவாயி. "குளிக்கத் தண்ணி இருக்குது."

அவள் முன்னால் நடந்தாள். கணவனின் நாற்காலியை நாலு பேர் தூக்கிக்கொண்டார்கள். அந்த ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர் பாடை போகிறது என்றே சொல்லியிருப்பார். கிழக்கே போய், காலியான தகரக் கொட்டகையின் நடுவில் நின்றார்கள். கோழிக்குத் தண்ணீர் போகும் குழாயை அவள் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கையின் தடிமனுக்கு நீர் வெண்மையாக விழுந்துகொண்டிருந்தது.

முதலில் சிக்கந்தர் ராவுத்தர்தான் போய்க் கையை நீட்டினார். நெருப்பைத் தொட்டாற்போல் இழுத்துக்கொண்டார்.

"என்ன பாய்?"

"சில்லுனு இருக்குதுங்க," என்றார் அவர், மறுபடியும் கையை நீட்டிக்கொண்டே.

எத்தனையோ மாதங்களாக வெதுவெதுப்பு மட்டுமே அறிந்திருந்த உடம்புகள்மேல் அந்தக் குளிர் விழுந்தபோது, பெரியவர்களே வாய்விட்டு அழுதார்கள். பெண்கள் தலைவிரித்து நின்று நனைந்தார்கள். ஒப்பாரி என்று யாரும் தொடங்கவில்லை. ஆனாலும் அது ஒப்பாரிபோலவே எழுந்து தகரக் கூரையில் எதிரொலித்தது. யாருக்காக அழுதார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லியிருப்பார்கள். இது எத்தனை எளிதாக இங்கேயே இருந்தது, கோழியின் தொண்டை வழியாகச் சுற்றி வராமல் நேராகக் குடத்துக்கு வந்திருக்கலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. நாச்சம்மாள் தம்பியின் தலையில் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் தோல் அதைக் காய்ந்த மண்போல் உறிஞ்சியது, ஓசைகூடக் கேட்டது.

அன்று மாலையிலிருந்து ஊர் அந்தக் குழாயில் குடம் பிடித்தது, ஒவ்வொரு வீடாகச் சொட்டும் ஓசை நின்றது. கடைசியாக நின்றது திருமூர்த்தியின் வீட்டில். அவர் இன்னும் சிலநாள் தின்று பார்த்தார், எலும்பு ஊறியது, ஆனால் அவர் மனைவியே அந்தக் குடத்தைத் தொடவில்லை. அவரும் ஒரு கொட்டகையை மூடினார், மற்றதை மூடவில்லை. சண்டைகள் வந்தன. பண்ணையில் வேலை செய்தவர்கள் சிலர் திருப்பூருக்குப் போனார்கள். சிலர் பாவாயியை இன்றுவரை மன்னிக்கவில்லை, அவள் வீட்டு வழியாக நடப்பதில்லை. அவள் அந்த நிலத்தில் மீண்டும் வேலி கட்டி வெள்ளாடுகள் விட்டாள். அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. அது இலையை மடித்ததால் வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் வந்த மழை தங்குவதற்கு அவர்கள் கிணற்றில் இடம் கிடைத்தது, அதை இழுத்துக்கொள்ள முன்போல் அத்தனை மோட்டார்கள் காத்திருக்கவில்லை. கிணற்றில் பாறை மறைந்தது.

சென்னியப்பன் பிழைத்தான். பழைய ஆள் ஆகவில்லை. ஒரு கைத்தடி அவனோடு சேர்ந்துகொண்டது, மாதாமாதம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறான். அடுத்த நோம்பிக்கு ஊரில் கறி வெந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, மீதமெல்லாம் கொள்ளும் கீரையும் கம்மஞ்சோறும். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். பாவாயி ஒரே ஒரு துண்டை வைத்தாள். அவன் அதை ஒரு பொழுதுக்கும் நீளும் விதமாக, கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை ஆசையோடு தின்றான். தின்று முடித்ததும் எலும்பைத் தட்டில் போடவில்லை. எதிரே நீட்டினான். அவள் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கறி வெந்த அடுத்த வீட்டிலும், அதற்கு அடுத்த வீட்டிலும், அந்தத் தெருவிலும் மேலத்தெருவிலும் அதே நேரத்தில் பேச்சு நின்றது. ஊர் முழுவதும் உள்ளங்கைகளில் எலும்பை வைத்துக்கொண்டு மூச்சடக்கி இருந்தது. இன்றும் அப்படித்தான். வாழ்க்கைப்பட்டு வரும் மருமகள்கள் என்னவென்று கேட்டால், "சும்மாதான், ஒரு நிமிசம் இரு," என்கிறார்கள்.

"என்ன?" என்றான் சென்னியப்பன்.

பாவாயி எலும்பை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். அடியில் தன் கைரேகைகளைப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்குதுங்க," என்றாள்.

கேட்டவர்களே, உங்கள் உள்ளங்கையும் காய்ந்தே இருக்கட்டும்.